கருமபீடத்துக்கு இப்பால்: யாழ்ப்பாணத்தில் சேவைத் தரத்தை அளப்பது எப்படி?

(பொதுச் சொற்பொழிவொன்றின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக்கு எடுக்கும் தலைப்புகளில் அடிக்கடி தட்டுப்படுவது ஒன்று உண்டு: சேவைத் தரம் வாடிக்கையாளர் திருப்தியில் செலுத்தும் தாக்கம். வங்கி, காப்புறுதி, தொலைபேசி, ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று நிறுவனம் மாறும். முறை பெரும்பாலும் மாறாது. ஒரு வினாக்கொத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள், "முற்றாக உடன்படுகிறேன்" தொடக்கம் "முற்றாக உடன்படவில்லை" வரை. கிளைக்குள் நிற்பவர்களிடம் கொடுத்து நிரப்பி வாங்கி, கணினியில் ஏற்றி, இணைபும் பிற்செலவும் பார்த்தால் கடைசி அத்தியாயத்துக்கு முடிவு கிடைத்துவிடும்: சேவைத் தரம் கூடினால் திருப்தியும் கூடும்.

இதைச் சொல்ல ஓர் ஆய்வு வேண்டுமா என்று திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்பவர் கேட்டால் பதில் சொல்வது கடினம். முகம் பார்த்துப் பேசி, நிறையைச் சரியாக நிறுத்துக் கொடுத்தால் வாங்கினவர் மறுபடி வருவார் என்பது அவருக்கு எந்த மென்பொருளும் சொல்லித் தெரிந்ததில்லை. ஆய்வு சொல்ல வேண்டிய விஷயம் அதற்கு அப்பால் இருக்கிறது. சேவையின் எந்தப் பகுதி எவ்வளவு தூரம் பாதிக்கிறது? எதைத் திருத்தினால் பலன் அதிகம்? யாருடைய திருப்தியை அளந்தோம், யாரைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம்?

இந்த உரை முன்வைக்கும் கருத்து எளிமையானது. உலகம் முழுவதும் பாவிக்கப்படும் அளவுகோல் பயனுள்ளதுதான். ஆனால் ஏறக்குறைய முப்பது வருடம் யுத்தத்துக்குள் கிடந்த ஒரு குடாநாட்டில் அதை அப்படியே வைத்து அளந்தால், சேவை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவதற்குப் பதிலாக, மக்களின் எதிர்பார்ப்பு எவ்வளவு தாழ்ந்துபோனது என்பதையே அது காட்டும். அந்தத் தவறைத் தவிர்க்க வேண்டுமானால் வேறு சில விஷயங்களையும் எண்ண வேண்டும்.

முதலில் அளவுகோலின் கதை. 1980களில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஏ. பரசுராமன், வலரி சைத்தமல், லெனார்ட் பெரி என்ற மூவர் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.இல் முகாமைத்துவமும் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். சிக்கல் இதுதான்: சவர்க்காரத்தின் தரத்தைத் தொழிற்சாலையிலேயே சோதித்துவிடலாம், சேவையை அப்படிச் சோதிக்க முடியாது. அது கொடுக்கப்படும் கணத்திலேயே உருவாகி, அந்தக் கணத்திலேயே முடிந்துபோகிறது. அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது?

வங்கி, கடனட்டை, பங்குத் தரகு, பொருட்கள் திருத்தும் நிலையம் ஆகிய துறைகளின் வாடிக்கையாளர்களைப் பன்னிரண்டு குழுக்களாக இருத்திப் பேசவைத்தார்கள். மேலதிகாரிகளையும் தனித்தனியாகக் கேட்டார்கள். 1985இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை, தரம் என்பதை ஓர் இடைவெளியாக வரையறுத்தது: வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் அவருக்குக் கிடைத்ததாக அவர் உணர்ந்ததற்கும் இடையிலான தூரம். 1988இல் அந்த இடைவெளியை அளக்க 22 கூற்றுகள் கொண்ட ஒரு கருவியை வெளியிட்டார்கள். அதன் பெயர் சேர்வ்குவால். ஒவ்வொரு கூற்றும் இரண்டு தடவை கேட்கப்படும். எதிர்பார்ப்புக்கு ஒன்று, அனுபவத்துக்கு ஒன்று. அனுபவத்திலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்தால் வருவது தரம்.

அந்த 22 கூற்றுகளும் ஐந்து பரிமாணங்களுக்குள் அடங்கும். சொன்னதைச் சொன்னபடி செய்யும் நம்பகம். கேட்டவுடன் கவனிக்கும் சுறுசுறுப்பு. இவர்களிடம் கொடுத்தால் பயமில்லை என்று தோன்றவைக்கும் அறிவும் மரியாதையும், அதாவது உத்தரவாதம். வந்தவரைத் தனி மனிதராக நடத்தும் பரிவு. கடைசியாகக் கட்டிடம், கதிரை, சீருடை, இயந்திரம் முதலிய கண்ணுக்குத் தெரியும் வசதிகள். இவற்றுள் எது முக்கியம் என்று அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் 100 புள்ளிகளைக் கொடுத்துப் பங்கிடச் சொன்னபோது கிடைத்த விடையை 1990இல் வந்த தங்கள் நூலில் மூவரும் பதிந்தார்கள்: நம்பகத்துக்கு 32, சுறுசுறுப்புக்கு 22, உத்தரவாதத்துக்கு 19, பரிவுக்கு 16, கண்ணுக்குத் தெரியும் வசதிகளுக்கு 11.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒரு கிளையைப் புதுப்பிக்க ஒதுக்கப்படும் காசு முதலில் எங்கே போகிறது? கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, வர்ணம். வாடிக்கையாளர் 11 புள்ளி கொடுத்த இடத்துக்கு. நாளைக்கு வரும் என்று சொன்ன காசோலைப் புத்தகம் நாளைக்கே வருவதற்கு வர்ணம் தேவைப்படாது.

இனி அந்தக் கழித்தல் கணக்குக்கு வருவோம். ஏழு புள்ளி அளவில் ஒருவர் 6 எதிர்பார்த்து 5 பெறுகிறார். இடைவெளி மறை ஒன்று. இன்னொருவர் 2 எதிர்பார்த்து 3 பெறுகிறார். இடைவெளி நேர் ஒன்று. கணக்கின்படி இரண்டாமவர் போன இடமே தரமானது. ஆனால் முதலாமவருக்குக் கிடைத்தது 5. இரண்டாமவருக்குக் கிடைத்தது 3.

யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டாமவர் கற்பனை மனிதர் அல்லர். 1990 ஜூன் மாதத்தில் புகையிரதம் நின்றது. மின்சாரமும் அதே ஆண்டில் போய், ஆண்டுக்கணக்காக வரவில்லை. கொழும்புக்குப் போக வேண்டியவர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார். 2002 யுத்த நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி அது முகமாலையில் மறுபடி மூடப்பட்டது. அதன்பின் அரிசியும் சீனியும் கப்பலில் வந்து கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகப் பங்கிடப்பட்ட மாதங்களை நேரில் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் வந்துசேர்ந்தாலே அது நல்ல சேவை.

2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி புகையிரதம் இருபத்து நான்கு வருடங்களின் பின் யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் வந்தது. அன்றைக்கு மேடையில் நின்றவர்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்திருந்தால் 22 கூற்றுகளுக்கும் முழுப் புள்ளி விழுந்திருக்கும். அது புகையிரதத் திணைக்களத்தின் தரத்துக்குக் கிடைத்த புள்ளியாக இருந்திராது. இன்றைக்கு அதே பாதையில் பயணிப்பவர் தாமதத்தையும், ஆசன முற்பதிவு சில நிமிடங்களில் தீர்ந்துபோவதையும், மலசலகூடத்தின் நிலையையும் பற்றிக் குறைசொல்கிறார். சேவை கெட்டுவிட்டது என்று ஒரு வரைபு காட்டலாம். உண்மையில் மீண்டுவந்தது எதிர்பார்ப்பு. ஒரு சமூகம் சாதாரண நிலைக்குத் திரும்புவதன் அடையாளமே அது. திருப்திப் புள்ளி விழுந்தது என்று பதறுகிற முகாமையாளர் இந்த வித்தியாசத்தைப் பிரித்தறிய வேண்டும்.

கருவியைச் செய்தவர்களுக்கும் எதிர்பார்ப்பு ஒரு தொல்லையாகவே இருந்தது. ஒரு வங்கி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் 7க்குக் கிட்டவே போட்டார்கள். அதனால் 1991இல் கேள்வியைத் திருத்தி, சிறந்த நிறுவனம் ஒன்று எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டார்கள். அடுத்த வருடமே ஜோசப் குரோனின், ஸ்டீவன் டெய்லர் என்ற இருவர் எதிர்பார்ப்பு என்ற பாதியையே வெட்டிவிட்டார்கள். வங்கி, பூச்சி ஒழிப்பு, உலர் சலவை, துரித உணவு ஆகிய நான்கு துறைகளில் சோதித்து, அனுபவத்தை மட்டும் கேட்டாலே போதும், அதுவே திருத்தமாக விளக்குகிறது என்று 1992இல் காட்டினார்கள். தங்கள் கருவிக்கு சேர்வ்பேர்ஃப் என்று பெயரிட்டார்கள். அவர்களின் இன்னொரு முடிவு அதைவிட முக்கியமானது: தரம் திருப்தியை உண்டாக்குகிறது, மறுபடி வருவேனா என்ற தீர்மானத்தில் தரத்தைவிடத் திருப்தியே கூடுதலாக வேலை செய்கிறது.

அப்படியானால் எங்கள் ஊருக்கு இரண்டாவது கருவியே போதும் என்று முடித்துவிடலாமா? முடியாது. 3 பெற்ற மனிதரிடம் அனுபவத்தை மட்டும் கேட்டாலும், பழைய நாளோடு ஒப்பிட்டுத்தான் அவர் புள்ளி போடுவார். எதிர்பார்ப்பு கேள்வியிலிருந்து நீங்கும், மனதிலிருந்து நீங்காது.

குடாநாட்டு வங்கிகளுக்கு வருவோம். யுத்தம் 2009 மே மாதம் முடிந்ததும், கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வடக்கில் வரிசையாகக் கிளைகள் திறந்தன. யாழ்ப்பாணம் நகரில் ஆஸ்பத்திரி வீதியில் நடந்தால் ஒன்றின் பெயர்ப்பலகை முடிய மற்றதன் பெயர்ப்பலகை தொடங்கும். சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி, பருத்தித்துறை என்று போட்டி பரவியது. எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான தூரத்துக்குக் காரணமாகப் பரசுராமனும் தோழர்களும் நிறுவனத்துக்குள்ளும் சில இடைவெளிகளைச் சொன்னார்கள்; அவற்றில் முதலாவது இங்கேதான் தெரிகிறது. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று மேலிடம் நினைப்பதற்கும் அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதற்கும் இடையிலான தூரம் அது. கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு வாடிக்கையாளர் என்றால் கைத்தொலைபேசிச் செயலியும் கடனட்டையும் கேட்பவர். யாழ்ப்பாணத்தில் கிளைக்கு வருபவர்களில் பலருக்கு வேலை இரண்டு: வெளிநாட்டுக் காசு எடுப்பது, நகை அடகு வைப்பது.

நகை அடகை எடுத்துப் பாருங்கள். தாலிக்கொடியைக் கொண்டு வருகிற பெண்ணுக்குக் கதிரையின் சொகுசு பெரிய விஷயமாக இராது. பக்கத்து வீட்டார் நிற்கிற வரிசையில் தானும் நிற்க வேண்டியிருக்கிறதா, நிறையும் தொகையும் உரத்த குரலில் சொல்லப்படுகிறதா, மீட்க வேண்டிய திகதியை யாராவது விளங்கச் சொன்னார்களா என்பவைதான் அவருக்குச் சேவையின் தரம். 22 கூற்றுகளில் இரகசியம் காப்பதற்கென்று தனிக் கூற்று இல்லை. அமெரிக்காவில் கடனட்டைக்காரரிடம் கேட்டுச் செய்த பட்டியலில் அது விடுபட்டதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்பவர் அதைச் சேர்க்காமல் விட்டால்தான் வியப்பு.

வெளிநாட்டுக் காசின் கதை இன்னும் கூர்மையானது. யுத்த காலத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்த பிள்ளைகள் பெற்றோருக்குக் காசு அனுப்பிய பிரதான வழிகளில் ஒன்று உண்டியல். அங்கே ஒருவரிடம் கொடுத்தால் இங்கே ஒருவர் சைக்கிளில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஐந்து பரிமாணங்களையும் வைத்துப் பார்த்தால் நம்பகம் உண்டு, சுறுசுறுப்பு உண்டு, ஆளைத் தெரிந்து பேசும் பரிவு உண்டு. கட்டிடம் கிடையாது, பற்றுச்சீட்டு கிடையாது, காசு தொலைந்தால் முறையிடச் சட்டம் கிடையாது. கருவியில் பெரும்பாலான கட்டங்களில் முழுப் புள்ளி வாங்கும் இந்தச் சேவை சட்டத்துக்கு வெளியே நடந்தது.

பொருளாதார நெருக்கடி வந்தபோது இதே விஷயம் நாடு தழுவிய பாடமானது. டொலரின் உத்தியோகபூர்வ விலை 200 ரூபாவைச் சுற்றியே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சந்தையில் அதைவிடக் கூடக் கிடைத்தது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த உத்தியோகபூர்வப் பணவரவு 2022இல் 3.8 பில்லியனாக விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபா தளர்த்தப்பட்டு, விலை வித்தியாசம் சுருங்கிய பிறகு 2023இல் ஏறக்குறைய 6 பில்லியனுக்குத் திரும்பியது. இந்த மூன்று வருடத்தில் வங்கிக் காசாளர்களின் மரியாதை பாதியாகக் குறைந்து, பிறகு கூடியதா? இல்லை. மாறியது விலை. சேவைத் தரத்தை மட்டும் மாறியாக வைத்து, விலையைக் கணக்கில் சேர்க்காத ஓர் ஆய்வு 2021இல் நடந்திருந்தால், வாடிக்கையாளர் வங்கியை விட்டுப் போன காரணத்தைச் சிரிப்பிலும் சீருடையிலும் தேடியிருக்கும்.

நல்ல சேவையே கெடுதியாக முடிந்த கதையும் வடக்கில் உண்டு. யுத்தத்தின் பின் நுண்கடன் நிறுவனங்களின் உத்தியோகத்தர்கள் மோட்டார் சைக்கிளில் வீடு தேடி வந்தார்கள். படிவம் குறைவு, பிணை தேவையில்லை, காசு உடனே கையில். வாடிக்கையாளரின் இடத்துக்கே போய்ச் சேவை செய்வதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் பாடநூலில் இராது. பிறகு வட்டி ஏறி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, தவணை நாளில் வீட்டை விட்டு ஒளிய வேண்டிய நிலைக்குப் பெண்கள் வந்தார்கள். வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். 2018இல் அரசாங்கம், வடக்கு உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை இரத்துச் செய்யும் திட்டத்தை அறிவித்தது. பின்லாந்தின் கிறிஸ்டியன் குரோன்ரூஸ் 1984இலேயே தரத்தை இரண்டாகப் பிரித்திருந்தார்: சேவை எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது ஒன்று, கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்பது மற்றது. கடன் கொடுத்த வாரத்தில் எடுத்த திருப்திக் கணிப்பு முதலாவதை மட்டுமே காட்டியிருக்கும்.

அடுத்தது, வேறு வழியில்லாத வாடிக்கையாளர். நெடுந்தீவுக்குப் போகிறவர் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துதான் படகு ஏற வேண்டும். குமுதினியோ வடதாரகையோ, அன்றைக்கு ஓடுகிற படகில் ஏறுவார், காற்றடித்தால் காத்திருப்பார். மறுநாளும் அதே படகில் வருவார். அவர் திரும்பத் திரும்ப வருவதை விசுவாசம் என்று எழுதினால் அது கடலைக் கணக்கில் எடுக்காத ஆய்வு. திருப்தி கூடினால் வாடிக்கையாளர் நிலைப்பார் என்ற சூத்திரம், போவதற்கு இன்னோர் இடம் இருக்கிற இடத்தில்தான் செல்லும்.

அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் எழுதிய நூல் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. நைஜீரியாவில் புகையிரதச் சேவை மோசமாகியும் ஏன் திருந்தவில்லை என்று அவர் கேட்டார். அவர் கண்ட விடை: லொறிகள் வந்ததும், தரத்தைப் பற்றிச் சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள் லொறிக்கு மாறிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் சத்தம் போடாதவர்கள். யாழ்ப்பாணத்தில் இதே நிலையைப் பல இடங்களில் காணலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர் அரச ஆஸ்பத்திரியின் வரிசையை விட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், அல்லது கொழும்புக்குப் போகிறார். வசதியில்லாதவர் கிளினிக் கொப்பியோடு விடியற்காலையில் வந்து நிற்கிறார். அவரிடம் வினாக்கொத்தை நீட்டினால், இலவசமாகப் பார்க்கிறார்கள், குறைசொல்லக் கூடாது என்று நினைத்து நல்ல புள்ளியே போடுவார். வரிசை அப்படியே இருக்கும்.

குறையைச் சொல்ல ஓர் இடம் இருந்தால் நிலைமை மாறும் என்பதற்கும் இந்த மண்ணிலேயே சான்று உண்டு. 1930களில் மூளாயில் ஊரவர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து ஒரு கூட்டுறவு வைத்தியசாலையை நிறுவினார்கள். நோயாளியே அங்கத்தவர், அங்கத்தவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். மருந்து ஏன் இல்லை, கணக்கு ஏன் பிந்தியது என்று முகத்துக்கு நேரே கேட்கிற ஒரு கூட்டம், நூறு வினாக்கொத்துகளைவிட நிர்வாகத்தை உசுப்பும்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கி, 1860களில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; அதற்கென்று பாடநூல்களைத் தமிழாக்கினார். நோயாளிக்கு விளங்கும் மொழியில் பேசுகிற வைத்தியர் வேண்டும் என்று நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. இருந்தும், கணக்கிலிருந்து காசு கழிந்ததைச் சொல்லும் வங்கிக் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. கடன் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை வாசித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடுபவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வினாக்கொத்திலாவது கேட்டுப் பாருங்கள். பரிவு என்ற பரிமாணத்துக்குள் இது அடங்கும் என்று வாதிடலாம். தனிக் கூற்றாக எழுதினால்தான் விடை கிடைக்கும்.

இவ்வளவும் குறை. இனி வழி.

முதல் வழி, மனதைக் கேட்பதோடு மணிக்கூட்டையும் பார்ப்பது. 1961இல் ஜோன் லிட்டில் நிறுவிய ஒரு விதி மிக எளிமையானது: வரிசையில் சராசரியாக நிற்பவர் தொகையை, மணிக்கு வேலை முடிந்து போகிறவர் தொகையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைக்கும். 20 பேர் நிற்கிறார்கள், மணிக்கு 40 பேர் முடிந்து போகிறார்கள் என்றால் காத்திருப்பு அரை மணி. இதற்கு ஒரு கொப்பியும் பேனாவும் ஒரு முற்பகலும் போதும். பாடசாலை மாணவரே செய்யலாம். இந்த எண் பணிவால் கூடாது, பயத்தால் குறையாது.

மனம் காத்திருப்பை எப்படி உணர்கிறது என்பது வேறு கணக்கு. டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியதன் சாரம் இது: காரணம் சொல்லப்படாத காத்திருப்பு நீளமாகத் தெரியும், அநியாயமாகத் தோன்றும் காத்திருப்பும் அப்படியே. பின்னால் வந்தவர் உள்ளே தெரிந்த ஆள் ஒருவரைக் கூப்பிட்டு வேலையை முடித்துக்கொண்டு போவதைப் பார்த்து நிற்கும் பத்து நிமிடம், ஒழுங்காக இலக்கத் துண்டு வைத்துக் காத்திருக்கும் அரை மணியைவிடக் கசக்கும். நேரமும் உணர்வும் இரண்டும் கையில் இருந்தால், ஆளைக் கூட்ட வேண்டுமா, ஒழுங்கைக் கூட்ட வேண்டுமா என்று முகாமையாளர் தீர்மானிக்கலாம்.

இரண்டாவது வழி, ஒரு வேலை முடிய எத்தனை தடவை வர வேண்டியிருந்தது என்று எண்ணுவது. எங்கள் அலுவலகங்களில் மக்களின் நேரத்தை அதிகம் தின்பது வரிசையைவிட "நாளைக்கு வாங்கோ" என்பதுதான். அதனுடன் தூரத்தையும் சேருங்கள். 2025 செப்டம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது. அதற்கு முன் கடவுச்சீட்டுக்காக வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போனவர் செலவிட்ட பஸ் காசையும் இழந்த நாட்கூலியையும் எந்தக் கருமபீடத்தின் திருப்திப் படிவமும் கேட்டதில்லை.

மூன்றாவது, விட்டுப்போனவர்களைத் தேடுவது. கிளைக்குள் நிற்பவர் ஏற்கெனவே அந்தக் கிளையைத் தெரிந்தெடுத்தவர். கணக்கை மூடியவர், வேறு வங்கிக்கு மாறியவர், கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர், படியேற முடியாததால் வாசலோடு திரும்பியவர் ஆகியோர் அந்த மாதிரிக்குள் வரமாட்டார்கள். ஊருக்குள் போய், பத்து வீட்டுக்கு ஒன்று என்று தெரிந்து கேட்டால்தான் அவர்கள் அகப்படுவார்கள்.

நான்காவது, ஒரே தாளில் எல்லாவற்றையும் கேட்காதிருப்பது. தரம் பற்றிய 22 கூற்றையும் திருப்தி பற்றிய ஐந்தையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கேட்டால், அன்றைக்கு அவர் இருந்த மனநிலையே இரண்டு பக்கத்தையும் நிரப்பும். இணைபு உயர்ந்து நிற்கும். அது தரத்துக்கும் திருப்திக்கும் உள்ள உறவா, ஒரே பேனாவின் இரண்டு கோடுகளா என்று சொல்ல முடியாது. தரத்தை இன்றைக்கு அளந்து, அவர் மறுபடி வந்தாரா என்பதை ஆறு மாதம் கழித்துப் பதிவேட்டில் பார்த்தால் சொல்லலாம்.

இந்தத் தரவுகள் கிடைக்குமா என்று கேட்பீர்கள். அரச அலுவலகமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு விண்ணப்பத்தை முடிக்கச் சராசரியாக எத்தனை நாள் எடுக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டால், தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வங்கியானால், 2020இல் மத்திய வங்கி நிதி வாடிக்கையாளர் தொடர்புகளுக்கென்று தனித் திணைக்களம் அமைத்தது. 2023இல் நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. முறைப்பாடு செய்யும் உரிமை தாளில் இருக்கிறது. அதை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதும் சேவைத் தரத்தின் ஓர் அளவீடு. முறைப்பாடே வராத கிளை சிறந்த கிளையாக இருக்கலாம். எங்கே முறையிடுவது என்று எழுதி ஒட்டாத கிளையாகவும் இருக்கலாம்.

ஆகவே மூன்று தரப்பாரிடம் மூன்று வேண்டுகோள். அடுத்த ஆய்வேட்டை எழுதப்போகும் மாணவர்களே, 22 கூற்றுகளை விட்டுவிடாதீர்கள். அவற்றோடு காத்திருந்த நிமிடம், வந்த தடவை, வேறு வழி இருந்ததா, மொழி விளங்கியதா, கையில் மிஞ்சியது என்ன என்ற ஐந்து கேள்விகளைச் சேருங்கள், கிளைக்கு வெளியே இருப்பவர்களையும் கேளுங்கள். முகாமையாளர்களே, திருப்தி வீதத்தைத் தலைமையகத்துக்கு அனுப்புமுன் சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கிளையின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வாடிக்கையாளர்களான நாம் எல்லோரும், அடுத்த தடவை ஒரு படிவம் நீட்டப்பட்டால், 1990ஐயும் 2006ஐயும் நினைத்துப் புள்ளி போட வேண்டாம். இன்றைக்கு எங்களுக்கு உரியது என்ன என்று நினைத்துப் போடுவோம்.